மோடம் இருக்கா?

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் கொம்பைப் பார்ப்பதுபோல என் வீட்டுக்காரர் ரவுட்டரையும் கொம்பைப் பார்த்துத்தான் வாங்கினார். ஆன்டெனாவுக்கு அவர் வைத்த பேர் கொம்பு. உங்கள் வீட்டுக்கு நாலு கொம்பு தாராளம் என்று திண்டுக்கல் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறு கொம்பு வைத்ததைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் வடமதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவஸ்தை என்னுடையது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்தால் நெட் அறுந்து, படம் அப்படியே நின்றுவிடும். அத்தனை பேருக்கும் முன்னால் வாயைப் பிளந்தபடி நிற்பேன். எங்கள் மேனேஜர் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை மீட்டிங்கும் இப்படி அறுந்தால், பெங்களூருக்கே வந்துவிடு, இல்லை வேலையை விட்டுவிடு. பத்தாவது படிக்கிற மகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது? வேலையை விடவும் எனக்கு மனசில்லை.

நெட் ஏன் அறுகிறது என்று கண்டுபிடிக்க ஜோசியரா வரவேண்டும்? கரண்டில் ஓடுவதெல்லாம் அக்னி என்று சொல்லி, மோடத்தை அக்னி மூலையில் மாட்ட வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். அக்னி மூலை என்றால் அடுப்படி. நான் உட்காருவதோ வீட்டின் அந்தக் கோடி அறையில். நடுவில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ, போதாததற்கு ஃபிரிட்ஜ். இடத்தை மாற்றுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

"எது எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சனிக்கிழமை பழைய மோடத்தைக் கழற்றிக் கடாசிவிட்டு அதே இடத்தில் ஆறு கொம்பை வைத்தார். அடக்கடவுளே, மோடம் வேறு, ரவுட்டர் வேறு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து வரும் லைனை வாங்குவது மோடம். வாங்கியதை வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். பழைய பெட்டி இரண்டு வேலையும் பார்த்தது, புதுசு இரண்டாவதை மட்டும்தான் பார்க்கும். தென்னந்தோப்பு வைத்திருப்பவராயிற்றே, போர் இல்லாமல் சொட்டுநீர்க் குழாயை மட்டும் போட்டால் தண்ணீர் வருமா என்றும் கேட்டேன். தோப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார். வெளியிலிருந்து வந்த மெல்லிய ஒயர் புதுப் பெட்டியின் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. லைட் மட்டும் கல்யாண வீடு மாதிரி மினுக்கியது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டுத் தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

நெட் கம்பெனிக்குக் கம்ப்ளைண்ட் கொடுத்தேன். கனெக்‌ஷன் என் மாமியாரின் நம்பரில் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போன நேரத்தில் அவருக்குத்தான் போன் வந்திருக்கிறது. மோடம் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் மழை மேகம் மூடினால் மோடம் போட்டிருக்கு என்போம். அத்தை பொறுப்பாக வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"மோடமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. வெயிலு சுள்ளுனு அடிக்குது."

வாடிக்கையாளர் வீட்டில் மோடம் இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

பழைய பெட்டி எங்கே அத்தை என்றேன். உடைந்த மிக்ஸியோடு பரணில் போட்டாராம். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். லைன் போட்டவர்கள் மிச்ச ஒயரை அடுப்படி சன்னலுக்கு வெளியே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்து, மடங்கி ஒடியாமல் வெளிச்சுவரைச் சுற்றி இழுத்து, என் அறைச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மோடத்தில் சொருகினேன். சிவப்பு லைட் பச்சையானது. ஆறு கொம்பை யாரும் தொடவில்லை. அது அக்னி மூலையில் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மீட்டிங் முடியும்வரை நெட் ஒரு தடவைகூட அறவில்லை. நீ பெங்களூர் வரவேண்டாம் என்றார் மேனேஜர் அம்மா. அவரும் எங்கள் பக்கம், மதுரைக்காரர்தான், தமிழிலேயே கேட்டார், அப்படி என்னதான் செய்தாய் என்று. நான் சொல்வதற்குள் என் தோளுக்குப் பின்னால் ஒரு தலை நீண்டது.

"ஆறு கொம்பு மேடம். நான்தான் செலக்ட் பண்ணேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். இவர் கும்பிடு வேறு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக் திறந்திருக்கிறதே என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"அதுல லைனே இல்லைங்க. முந்தாநேத்துலேர்ந்து வெறும் கொம்புதான் நிக்குது."

அன்றைக்கு நெட் அவ்வளவு சுத்தம். இத்தனை வருஷத்தில் நான் பேசியது ஒரு எழுத்துகூட அறாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். பெங்களூருக்கும் சரி, என் வீட்டுக்காரருக்கும் சரி.