கதவுக்கு அளவெடுத்தவர்

தையலம்மா கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப், காதில் செருகிய பென்சில், உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள். தோள், இடுப்பு, இறக்கம் என்று ஆளுக்கு எடுப்பதைப் போலவே மேலிருந்து கீழே வந்தார். "வலது பக்கம் சாஞ்சிருக்கு. வயசாச்சில்ல!" என்றார் கதவிடம். ஒரு குண்டூசியும் விழவில்லை.

அந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த துணியில்தான் நடமாடுகிறார்கள். பேசிக்கொண்டே எதிராளியின் காலரைச் சரிசெய்வார். தொங்கும் நூலைக் கண்டால் பல்லால் கடித்து அறுத்துவிடுவார். ஆள் யாரென்று அப்புறம்தான் பார்ப்பார்.

தெருவாசலின் பழைய மரக்கதவு அது. பலகை சுருங்கி, நிலைக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும். கூடத்துக் கட்டிலில் அவருடைய கணவர், பஸ் டிரைவர். நிமோனியாவோடு மல்லுக்கட்டிவிட்டுப் போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். மாடி ஏறக் கூடாது என்பதால் படுக்கை கூடத்திலேயே. "குளிர்காத்து மட்டும் பட்டுடக் கூடாதும்மா. இன்னொரு தடவை வந்தா உடம்பு தாங்காது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து தையலம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய கம்பளியைப் பட்டை பட்டையாக வெட்டி, நிலையைச் சுற்றி ஆணியடித்தார். கீழ் இடுக்குக்கு வெட்டுத்துண்டுகளை அடைத்து நீளமாக ஒரு தலையணை. எல்லாம் அமர்க்களம்தான். ஆனால் கதவு மூடினால்தானே! தோளால் முட்டிப் பார்த்தார். ஊஹூம். அப்புறம்தான் உறைத்தது: கைப்பழக்கத்தில், தையலுக்கென்று எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறார்.

"எதுக்கு, கதவு குண்டாச்சுன்னா பிரிச்சு விடவா?" என்று கேட்டுவிட்டு டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இருமலில் முடியாத முதல் சிரிப்பு அது. "சும்மா கிடங்க!" என்று அதட்டினாலும், தையலம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கூடுதலை வெட்டி எடுத்ததும் கதவு கச்சிதமாக உட்கார்ந்தது. மெழுகுவத்தியை ஏற்றி இடுக்கு இடுக்காகக் காட்டினார். சுடர் ஆடவில்லை. அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கூடம் கதகதப்பாக இருந்தது. டிரைவர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "ஏம்மா, இன்னைக்குத் தெருவுல யாருமே போகலையா?"

போகாமல் என்ன? பால்காரர், பேப்பர்காரர், டிப்போவுக்குப் போகிற கண்டக்டர் எல்லோரும் வழக்கம்போல, "என்ன டிரைவரண்ணே, எப்ப வர்றீங்க?" என்று வாசலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். சமையலறை ஜன்னல் வழியே தையலம்மாவுக்குக் கேட்டது. கட்டிலுக்குத்தான் எட்டவில்லை.

"அவங்க கூப்பிடுறதைக் கேட்டாத்தான், மறுபடி வண்டி எடுப்போம்னு எனக்கே ஒரு நம்பிக்கை வருது" என்றார் டிரைவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

தையலம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டு அடைத்தது இதையுமா! வெயில் ஏறும்வரை பொறுத்தார். போர்வையை எடுத்துக் கணவரின் கழுத்துவரை இழுத்துச் செருகினார். கதவை ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தார். முக்காலியை அந்தத் திறப்பில் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காற்று சில்லென்று முதுகில் அறைந்ததும், தோள்களை இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார்.