ஆர்டிஸின் முன்பக்கப் பம்பு

சாணி நாற்றம் ஆர்டிஸ் குவாமிக்குக் குமட்டியதே இல்லை. அறுபது தாண்டியும் கன்றுக் கொட்டிலில் நின்றபடியே சாண்ட்விச் தின்பவள். அவளுக்குக் குமட்டுவது மினுமினுக்கும் பெயின்ட்தான், அதுவும் டிராக்டர் மேல் அடித்த பெயின்ட்.

அமெரிக்காவில், விஸ்கான்சின் மேட்டுப் பண்ணையில் பிறந்து, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், அப்பா விட்டுப்போன மாடுகளோடும் ஒரு சாம்பல் நிற டிராக்டரோடும் மாரடித்தவள். ஒரு கிடாரி சுவரோடு சேர்த்து நசுக்கியதில் வலது தோள் போயிற்று. அப்புறம் சாணி அள்ளும் நீளக்காம்பு இரும்பு முள்ளைத் தூக்க முடியவில்லை. கொட்டிலை வழிக்க முடியாதவள் மாட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

டிராக்டரின் முன்னால் அள்ளித் தூக்கும் இரும்பு பக்கெட் இருந்தது. இருந்து என்ன செய்ய? அதைத் தூக்கும் எண்ணெய்ப் பம்பு கிளட்சை நம்பி ஓடியது. கிளட்சை மிதித்தால் பம்பும் செத்துவிடும், பக்கெட் அப்படியே நிற்கும். நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, தூக்கி, மறுபடி மிதித்து என்று ஒவ்வொரு அள்ளுக்கும் ஒரு கூத்து. கியர்த் தண்டோடு மல்லுக்கட்ட அந்தத் தோள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு குளிர்காலம் முழுக்க அவளே வேலை பார்த்தாள். பழைய பம்பு ஒன்றை வாங்கி, இன்ஜினின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்தோடு நேராக இணைத்தாள். பம்பின் தண்டு வெளியே வருவதற்காக முகப்புக் கிரில்லில் ஓட்டை போட்டாள். பக்கத்தில் தனியாக ஓர் எண்ணெய்த் தொட்டி வைத்தாள். இனி இன்ஜின் ஓடும்வரை பம்பு ஓடும், கிளட்ச் எக்கேடு கெட்டாலும் சரி. கிளட்சை மிதித்தபடியே பக்கெட் எழுந்த அன்று தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

டவுனில் இன்ஷூரன்ஸ் விற்று ரிட்டயரான தம்பி வெர்லினுக்கு அது பொறுக்கவில்லை. அவன் பழைய டிராக்டர்களைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைக்கும் கிளப்காரன். அந்தக் கிளப்பில் டிராக்டர் சேற்றில் இறங்காது, டயருக்கே பாலிஷ் போடுவார்கள்.

"அக்கா, அப்பா வண்டி மூஞ்சியில ஓட்டை போட்டுட்டியே!"

"அப்பா மூஞ்சியிலயாடா போட்டேன்? போடா, போய் உன் டயரைத் தொடை."

அந்த வசந்தத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே வந்து மாடு கறந்தார்கள். அங்கே அப்படித்தான். கன்றுக் கொட்டிலை மட்டும் யாரும் தொடவில்லை. வெர்லின் கிளப் ஆட்களோடு வந்து வேறொரு உதவி செய்தான்.

அவள் திரும்பியபோது சர்ச்சுக்கு வரும் ஊரில் பாதி முற்றத்தில் நின்றது, கையில் காபியும் கேக் தட்டுகளுமாக. நடுவில் டிராக்டர், ரிப்பன் கட்டி, கண் கூசும் பெயின்டில். புத்தம் புது கிரில். பம்பைக் காணோம்.

எல்லார் முகத்திலும் சிரிப்பு. பெயின்ட் நாற்றத்தில் ஆர்டிஸ் ஓரடி பின்வாங்கினாள்.

"இது... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றாள்.

அந்த ஊரில் இதைவிடக் கேவலமாக யாரையும் திட்டுவதில்லை. எல்லாரும் காபிக்குள் பார்த்தார்கள். வெர்லினுக்குத்தான் உறைக்கவில்லை.

"அப்பா காலத்துல இருந்த மாதிரியே ஆக்கிட்டோம்கா!"

"பம்பு எங்க?"

"அந்த எண்ணெய் வடியிற அசிங்கமா? என் கார் டிக்கியில கெடக்கு. நாளைக்கு இரும்புக்கடைக்குப் போயிரும்."

ஆர்டிஸ் கொட்டிலுக்குள் போய் சாணி முள்ளை இடது கையால் இழுத்து வந்து, ஊர் பார்க்க அவன் கையில் திணித்தாள்.

"அப்பா காலத்துல இதாண்டா. அள்ளு."

அவன் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. வெள்ளைக் கிளப் சட்டையோடு உள்ளே போனான். முழங்கால்வரை ஊறிய சாணி, புளித்த பால் வீச்சம். கொஞ்ச நேரத்தில் சுவர் ஓரமாக ஓங்கரித்தான். சட்டை சட்டையாக இல்லை. முற்றத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கொட்டிலில் பாதிகூட ஆகவில்லை, வெளியே வந்து முள்ளைப் போட்டான். கார் டிக்கியைத் திறந்து பம்பைத் தூக்கி வந்தான்.

"ஓட்டை எங்க போடணும்?"

ஆர்டிஸ் புது கிரில்லின் நட்ட நடுவில், சாணி விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க. நீயே போடு."