காய்ந்த கையால் எழுதிய வரி

எங்கள் கரையில் பல பொய்களுக்கு மன்னிப்பு உண்டு. முழங்கால் உயர அலையில் சறுக்கிவிட்டு, ஆள் உயரம் இருந்தது என்று டீக்கடையில் கையை உயர்த்திக் காட்டலாம். கடன் வாங்கிய அலைப்பலகையை உடைத்துவிட்டு, ஏற்கெனவே விரிசல் இருந்தது என்றும் சொல்லலாம். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் தண்ணீரில் இறங்கப்போகும் ஒருவரிடம் கடலைப் பற்றிப் பொய் சொன்னால், அதோடு சொன்னவர் பேச்சு செல்லாது. அந்தப் பழியைத்தான் டாக்டரம்மாவின்மேல் போட்டார்கள். போட்டவர் வெளியாளும் இல்லை. அவருடைய சொந்தத் தங்கையின் கணவர்.

டாக்டரம்மா என்பது கரை வைத்த பெயர். அவர் வைத்தியம் பார்ப்பது மனிதர்களுக்கு அல்ல, அலைப்பலகைகளுக்கு. கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு கிடக்கிறது. அதில் மோதித்தான் எங்கள் அலைகள் எழுந்து மடிகின்றன. அதில் மோதித்தான் பலகைகளும் மூக்கு உடைந்து, வால் முறிந்து அவர் பட்டறைக்கு வந்து சேர்கின்றன. இரண்டு மரத்தாங்கிகளின்மேல் பலகையைப் படுக்கவைப்பார். உள்ளே புகுந்த கடல்நீர் கடைசிச் சொட்டுவரை வடியாமல் கை வைக்க மாட்டார். அவசரப்படுத்துகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஈரத்தோடு மூடினால் உள்ளுக்குள் அழுகும் என்பார். பிறகு கண்ணாடி நார்த்துணி, பிசின், உப்புத்தாள். தேய்க்கும்போது தூசி பறக்கக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். அந்தப் புழுக்கத்தில், புருவமெல்லாம் வெள்ளையாக, அவரைப் பார்க்கிறவர்களுக்கு வயதே தெரியாது.

பட்டறை வாசலில் நிற்கும் கரும்பலகைதான் இந்தக் கதைக்குக் காரணம். முன்பு அதில் கடல் நிலவரம் எழுதிவந்தவர் ஒரு கரைக்காவலர். அவர் வேறு கரைக்கு வேலை மாறிப் போனார். அவர் கடைசியாக எழுதிய ‘இன்று நன்று’ அழிக்க ஆளில்லாமல் அப்படியே நின்றது. புயல் காற்றில் கூரைத் தகடுகள் படபடத்தபோதும் கரும்பலகை ‘இன்று நன்று’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கெட்டுப்போன மருந்தை அலமாரியில் வைத்திருப்பதுபோல இது என்று திட்டிக்கொண்டே ஒருநாள் அழித்தார். அழித்தவர் தலையில் எழுதும் வேலையும் விழுந்தது.

யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நடுக்கடல் மிதவைகள் அனுப்பும் அளவுகளையும் காற்றழுத்தப் படத்தையும் கைப்பேசியில் பார்ப்பார். பிறகு நேரே பாறைக்குப் போய், படம் சொன்னதும் தண்ணீர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். பல நாள் ஒத்துப்போகாது. அந்தப் பல நாட்களில்தான் கற்றுக்கொண்டார்.

கரும்பலகைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதுகிறவர்தான் முதலில் இறங்க வேண்டும். பாறைவரை போய், காத்திருந்து பார்த்து, திரும்பி வந்து, தலை துவட்டாமல் எழுத வேண்டும். ஈரக் கையில் சாக்பீஸ் குழையும். எழுத்து தடித்து வரும். ஓரங்களில் விரல் பதியும். காய்ந்த கையால் எழுதியதை எங்கள் கரையில் படிக்கவே மாட்டார்கள். நான்கே வரிகள்தான். காற்று, அலை, நீர்மட்டம், யாருக்கு. அந்த நாலாவது வரியில் ‘எல்லோருக்கும்’ அல்லது ‘பழகியவர்களுக்கு’ அல்லது ‘யாருக்கும் வேண்டாம்’ என்று இருக்கும். வெளியூர்க்காரர்கள் முதல் மூன்று வரிகளைப் படம் பிடிப்பார்கள், நாலாவதை மட்டும் படிப்பார்கள்.

கோடை முடியும் வாரங்கள்தான் எங்கள் கடலின் மோசமான வாரங்கள். பார்த்தால் தெரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசும். கடல் துடைத்துவைத்த தட்டு மாதிரி மினுங்கும். ஆனால் அந்த வாரங்களில் எங்கோ பல நாள் பயணத் தொலைவில் புயல் சுழன்றுகொண்டிருக்கும். அது கிளப்பிய அலைகள் கடலைக் கடந்து இங்கே வரும்போது கூட்டங்கூட்டமாக வரும். ஒரு கூட்டம் வந்து போனால் அடுத்த கூட்டம் வரும்வரை நெடுநேரம் ஒரு சுருக்கமும் இருக்காது. அந்த இடைவெளியில் கரைக்கு வருகிறவர், ‘குளம் மாதிரி இருக்கே’ என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். அது கடல்நீர் வற்றிய நேரமாகவும் இருந்தால், அலை எழும்போது பாறை பல்லைக் காட்டும்.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது டாக்டரம்மா ‘யாருக்கும் வேண்டாம்’ என்று எழுதினார். அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. புயல் திசை திரும்பிவிட்டது. மறுநாள் காலையில் கரும்பலகையின் தலைப்பில் ‘நேற்று நான் எழுதியது நடக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் அன்றைய நிலவரத்தை எழுதினார். தவறினால் மறுநாள் அதைத் தலைப்பில் எழுதுவது அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். எந்த வானிலை அலுவலகம் அப்படி எழுதுகிறது?

அந்த ஒரு வரியைத்தான் தங்கை கணவர் பிடித்துக்கொண்டார்.

பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில் அலைப்பலகைகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில். மாடியில் குடும்பம், கீழே கடை. கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில்தான் வருஷத்துக்கான வரும்படி. அந்தக் கஷ்டம் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாடிக்கையாளர்களிடம் சொன்னது வேறு. இங்கே உள்ளூர்க்காரர்கள் நல்ல அலைகளைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், கூட்டம் வராமல் இருக்கத்தான் அந்த அம்மா ‘வேண்டாம்’ என்று எழுதுகிறார், போன வாரம் சாயம் வெளுத்துவிட்டது பாருங்கள், அவரே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று.

வேறு கரைகளில் அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்தான். அதனால்தான் கேட்டவர்கள் உடனே நம்பினார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பலகைகள் பாறையில் உடைந்தால்தான் டாக்டரம்மாவுக்கு வேலை. ‘வேண்டாம்’ என்று எழுதும் ஒவ்வொரு நாளும் அவர் பட்டறைத் தாங்கிகள் காலியாகக் கிடக்கும். குடை விற்கிறவர், மழை வராது, வராது என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிவாரா? அப்படித் திரிகிற ஒருவரைத்தான் பொய்யர் என்றார்கள்.

பேச்சு டாக்டரம்மாவின் காதுக்குத் தங்கை வாயிலாகவே வந்தது. தங்கை அழுதாராம். டாக்டரம்மா உப்புத்தாளை மடித்து மடித்துக் கிழித்தார்.

மறுநாள் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. டாக்டரம்மா விடிந்ததும் பாறைவரை போய்த் திரும்பினார். ஓர் அலைக்கூட்டம் வந்ததைப் பார்த்திருந்தார். பெரிதில்லை, ஆனால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நீண்ட இடைவெளி என்றால் பின்னால் வருவது பெரிது. ‘காற்று கரையிலிருந்து, மெல்ல. அலை மதியம் முதல் பெரிது, இடைவெளி நீளம். கடல் வற்றும் நேரம். யாருக்கும் வேண்டாம்’ என்று எழுதிவிட்டு, உடை மாற்ற உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கடைசி வரி ‘எல்லோருக்கும்’ என்று இருந்தது. மெலிந்த, சுத்தமான, காய்ந்த எழுத்து. பக்கத்தில் தங்கை கணவர் சாக்பீஸைத் தட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக, கக்கத்தில் வாடகைப் பலகைகளோடு, கூட்டம்.

“என்ன மாப்பிள்ளை இது?” என்றார் டாக்டரம்மா.

“கோவிச்சுக்காதீங்கக்கா. கடலைப் பாருங்க. துணி துவைக்கலாம் போல இருக்கு. போன வாரமும் இதையேதான் எழுதுனீங்க.”

“போன வாரம் தப்பு. அதை நானே எழுதிட்டேன். இன்னிக்கு தப்பில்ல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க தங்கச்சி வீட்டு அடுப்பை அணைக்கணும்னே எழுதுறீங்களோன்னு எனக்குத் தோணுது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“சரி, எழுதிட்டீங்க. எழுதினவங்கதான் முதல்ல இறங்கணும். இறங்குங்க. நீங்க பாறைக்குப் போய் கையசைக்கிற வரைக்கும் இவங்க ஒருத்தரும் காலை நனைக்கக் கூடாது.”

மாப்பிள்ளை நல்ல சறுக்குக்காரர்தான். கூட்டத்துக்கு முன்னால் பின்வாங்க முடியாது என்பதும் இருந்தது. தன் நீளப் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தங்கை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, செருப்புப் போடாமல் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னக்கா பண்ணிட்டே,” என்றார். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டாக்டரம்மா கையை விடுவித்துக்கொண்டார். தன் பலகையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே போனார்.

பாறையருகே நடந்ததை இருவரும் பிறகு சொன்னார்கள். ஆச்சரியம், இரண்டும் ஒத்துப்போயின. அங்கே தண்ணீர் அசையவில்லை. மாப்பிள்ளை பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாற்காலி கொண்டுவந்திருக்கலாம் என்று கேலி செய்தார். டாக்டரம்மா இன்னும் வெளியே, ஆழத்தில் போய் உட்கார்ந்து, அங்கே வந்துவிடச் சொன்னார். அவர் வரவில்லை. கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார். கரையில் பலகைகள் நகரத் தொடங்கின.

அப்போதுதான் அடிவானத்தில் கோடு தடித்தது. மதியம் வர வேண்டியது காலையிலேயே வந்துவிட்டது.

“வெளியே வாங்க. கரைப்பக்கம் போகாதீங்க,” என்று டாக்டரம்மா கத்தினார். கடலில் அலை வரும்போது அதை நோக்கிப் போவதுதான் பிழைக்கும் வழி என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும், பயம் அவரைக் கரைப்பக்கம் திருப்பியது. முதல் அலை பாறைமேல் வந்து எழுந்தபோது அவருக்கு முன்னாலிருந்த தண்ணீர் உறிஞ்சப்பட்டு, பழுப்பும் பச்சையுமாகப் பாறை வெளியே தெரிந்தது. அந்த இடத்தில்தான் அலை அவரைப் போட்டது. பின்னால் இன்னும் நான்கைந்து அலைகள் வந்தன. டாக்டரம்மா அவற்றை ஒவ்வொன்றாக ஏறிக் கடந்து, கடைசி அலையின் முதுகில் உள்ளே வந்து, பாறைக்கும் கரைக்கும் நடுவே இருந்த அமைதியான தண்ணீரில் அவரைச் சட்டையோடு பிடித்தார்.

கரையில் காலை நனைத்தவர்கள் எப்போதோ மணலுக்குத் திரும்பியிருந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் முதுகு தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. பலகை இரண்டாக முறிந்திருந்தது. தங்கை துண்டை எடுத்துப் போர்த்தினார். இருமிக் கடல்நீரைத் துப்பியபிறகு அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தையைக் கேளுங்கள்.

“மதியம்னுதானே எழுதியிருந்தீங்க?”

உயிரைப் பிடித்து இழுத்துவந்தவரிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. டாக்டரம்மா கொதிக்கவில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போனார். சொட்டச் சொட்ட நின்று, ‘மதியம்’ என்பதை அழித்துவிட்டு, ‘நான் சொன்னதற்கு முன்பே வந்தது’ என்று எழுதினார். பிறகு கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

“இப்போ உங்க கையும் ஈரமாத்தானே இருக்கு. எழுதுங்க மாப்பிள்ளை.”

அவர் மனைவியைப் பார்த்தார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் தன் குழந்தையைக் காலோடு அணைத்துப் பிடித்தபடி, அவர் என்ன எழுதப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு எரிய, மாப்பிள்ளை கையைத் தூக்கி எழுதினார். ‘யாருக்கும் வேண்டாம்.’ சாக்பீஸ் குழைந்து எழுத்து தடித்தது. ஓரத்தில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக விரல் பதிந்தது.

அந்த வரியை டாக்டரம்மா மறுநாள் காலைவரை அழிக்கவில்லை. முறிந்த பலகை இப்போது பட்டறைத் தாங்கியில் கிடக்கிறது. தண்ணீர் வடியாமல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். கேட்க வாய் வரவில்லை.

நேற்று ஒரு வெளியூர்க்காரர் கரும்பலகைமுன் நின்று, இதெல்லாம் கூட்டம் வராமல் இருக்க எழுதுவது என்று தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகைக் கடை வாசலிலிருந்து, சட்டை போட முடியாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்தார். அவருக்கு முன்னால் போய், முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.