ரண ஜன்னி அறையின் இரண்டாவது கட்டில்

இதைச் சொன்னபோதெல்லாம் மருந்து மயக்கம் என்றார்கள். டாக்டரும் அதையேதான் சொன்னார். இருக்கலாம் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என் நாக்கின் வலது ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அது எந்த ராத்திரி போனது, எதனால் போனது என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் சுபாஷ். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. நானும் என் மனைவி மாதேஸ்வரியும் மட்டும்தான். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இரும்புத் தகடு ஒன்று சரிந்து குதிகாலுக்கு மேலே கிழித்துவிட்டது. சூப்பர்வைசர் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினார்.

"ஊசி ஏதாச்சும் போடணுமா சார்?"

"இதுக்கெல்லாமா? ஷிப்டை முடிச்சிட்டுப் போ."

ஒரு வாரம் போனது. ஒரு காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டு போனேன். வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கழுத்து விறைத்தது. ராத்திரி என் தலையும் குதிகாலும் மட்டும் பாயில் இருந்தன. முதுகு வில்லாக வளைந்து அந்தரத்தில் நின்றது. மாதேஸ்வரி அலறினாள். அந்த அலறலுக்கு இன்னும் வளைந்தது.

டெட்டனஸ். ரண ஜன்னி என்பார்கள். அந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. உடம்பு முறுக்கி எலும்பை நொறுக்கும், ஆனால் நினைவு தப்பாது. வெளிச்சம் பட்டால் இழுக்கும். யாராவது தொட்டால் இழுக்கும். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும்.

அதனால் இருட்டு அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவு இடுக்கில் பஞ்சு. நர்ஸ் கவிப்ரியா செருப்பில்லாமல்தான் உள்ளே வருவார். கூட யாரையும் விடவில்லை. விஷத்தை முறிக்கும் ஊசி அங்கே தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கி வாருங்கள் என்று மாதேஸ்வரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஓசூரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கவில்லை என்று அவள் அழுததும் கேட்டது. பிறகு எப்போதோ, அந்த ஊசி என் தொடையில் இறங்கியது.

அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. நடுவில் ஒரு திரை. முதல் ராத்திரி முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து சத்தம். கட்டில் கிரீச்சிட்டது. யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள். என்னைப் போல ஒருவன் என்று புரிந்தது. விடியப் போகும் நேரத்தில் சத்தம் நின்றது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பாவம், நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த ராத்திரி...

கவிப்ரியா வந்து டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனார். மூடிய கதவுக்கு வெளியே, ஹாலில் இருந்த கடிகாரம் இரண்டு அடித்தது. அதற்கே எனக்கு ஒருமுறை இழுத்தது. மெல்ல அடங்கியது.

அப்போது கேட்டது.

டங்...

கட்டில் கம்பியை விரல் கணுவால் தட்டும் சத்தம். திரைக்கு அந்தப் பக்கம்.

என் உடம்பு வில்லானது. விலாவில் ஏதோ படக்கென்றது. கத்த முடியாது. தாடை பூட்டியிருந்தது. மூச்சு மட்டும் பல் இடுக்கில் சீறியது. ஒருவழியாக முதுகு மெத்தையைத் தொட்டது.

டங்...

மறுபடியும்.

தெரியாமல் தட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நான் அடங்கும் வரை அவன் காத்திருந்தான். என் மூச்சு சீரானதும் தட்டினான். ஒவ்வொரு முறையும்.

பிறகு குரல் வந்தது. சின்னப் பையனின் குரல். பல்லைத் திறக்காமல் பேசுகிற குரல்.

"வலிக்குதாண்ணா?"

...

"எனக்கும் இப்படித்தான் வலிச்சுது."

மூன்றாம் ராத்திரியும் தட்டினான். நான்காம் ராத்திரியும். பகலில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் யாரும் மருந்து கொண்டு போகவில்லை. கஞ்சி கொண்டு போகவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அது எனக்கு உறுத்தியது. யாரிடம் கேட்பது? வாய்தான் பூட்டியிருக்கிறதே.

ஐந்தாம் ராத்திரி கவிப்ரியா சின்ன டார்ச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். துவைத்த போர்வை எடுக்கத் திரையை விலக்கினார். முதல் முறையாகப் பார்த்தேன்.

வெறும் இரும்புக் கட்டில்.

மெத்தை சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் போர்வைகள் அடுக்கியிருந்தன. என் கண் போன திசையை அவர் கவனித்தார்.

"என்ன பாக்கறீங்க? அங்க யாரும் இல்லீங்க. தூங்குங்க."

போய்விட்டார். கதவு மூடியது. இருட்டு.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

சத்தமே இல்லை.

நிம்மதியாக மூச்சு விட்டேன்.

டங்...

இந்த முறை என் கட்டிலில். என் தலைமாட்டுக் கம்பியில்.

"எங்கம்மா வெளிய உக்காந்திருக்குது."

காதோரம் குளிர்ந்தது.

"நான் இன்னும் இருக்கேன்னு சொல்லு."

எப்படிச் சொல்வேன்? கண்ணை இறுக மூடினேன்.

"சொல்ல மாட்டியா?"

டங்...

"நான் இருக்கேன்னு சொல்லு!"

டங்... டங்... டங்...

நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டியது. வாய் முழுக்க ரத்தம். விழுங்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

ரத்தம் மூச்சில் ஏறியது.

கவிப்ரியா ஓடி வந்ததுதான் கடைசியாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அதிக மயக்க மருந்து கொடுத்தார்கள். தட்டல் நிற்கவில்லை, தூரத்தில் கேட்டது. பல நாள் கழித்து தாடை ஒரு விரல் அளவு திறந்தது. மாதேஸ்வரியை உள்ளே விட்டார்கள். ஸ்பூனால் கஞ்சி ஊட்ட வந்தாள். நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பக்கத்துக் கட்டில் பையன்... அவன் இன்னும் இருக்கானாம். அவங்கம்மாகிட்ட சொல்லணுமாம்."

கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்தது. கஞ்சி தரையெல்லாம் ஓடியது. அவள் குனிந்து துடைக்கவில்லை. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க யாரும் இல்ல. இனிமே அதைப் பேசாதீங்க" என்றாள்.

அன்று ராத்திரி யாரும் தட்டவில்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தேன். பில் நான்கு லட்சத்தைத் தொட்டது. தாலிக்கொடி போனது. வண்டி போனது. கெலமங்கலம் ரோட்டில் சீட்டுப் போட்டு வாங்கிய மனையும் போனது. அடிபட்டது கம்பெனிக்குள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட காண்ட்ராக்டர், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. ஒருநாள் மாதேஸ்வரியிடம், "அந்த ஊசி கடைசியில எங்கதான் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"பெங்களூர்ல இருந்து வந்துச்சு" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கவிப்ரியாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"முதல் ராத்திரி என் பக்கத்துல இருந்தது யாருங்க?"

அவர் முகம் மாறியது. "முனிராஜ்னு ஒரு பையன். தொரப்பள்ளி. ரோஜாத் தோட்டத்துல வேலை செய்யறப்ப கால்ல கம்பி குத்திடுச்சு. உங்களுக்கும் அவனுக்கும் ஒரே நாள்ல ஊசி எழுதினாங்க. உங்க வீட்டம்மா பதினொன்னேகாலுக்கு ஊசியோட ஓடி வந்தாங்க. உடனே உங்களுக்குப் போட்டேன். அவனுக்கு வரும் வரும்னு ரூம் கதவையே பாத்துட்டிருந்தோம். வரவே இல்ல. மூணே முக்காலுக்கு என் கண்ணு முன்னாடியே போயிட்டான்."

"மயக்கமா இருந்தானா?"

"இல்லீங்க. கடைசி வரைக்கும் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளிக்குப் போனேன். அவன் அம்மா பெயர் சாந்தம்மா. ஒண்டி ஆள். நானும் அதே ஆஸ்பத்திரியில் இருந்தவன் என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார். கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எருமையை வித்து, பெங்களூர் போயி, ஊசியை ஐஸ் டப்பாவுல வெச்சுத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன்ப்பா. ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்டயே ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சு. என் கையப் புடிச்சிக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. உன் பையன் இப்பத்தாம்மா போயிட்டான், விடிஞ்சாத்தான் உடம்பைக் குடுப்பாங்களாம்னு சொல்லிச்சு."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். "அப்ப மணி என்ன இருக்கும்மா?"

"பதினொன்னு இருக்கும். என் வூட்டுக்காரரும் உள்ள கெடக்கறாரு, அந்த ஊசியை எனக்குக் குடும்மான்னு கேட்டுச்சு. சும்மா எடுத்துட்டுப் போ தாயின்னேன். கேக்கல. ஆம்புலன்ஸ் வாடகைக்கு ஆவட்டும்னு ரெண்டாயிரத்தை என் மடியில வெச்சுட்டுப் போச்சு. மகராசி. விடிய விடிய கேட்டுக்கு வெளிய படியிலயே உக்காந்திருந்தேன்ப்பா, உள்ள போயி ஒருவாட்டி எட்டிக்கூடப் பாக்கல. பொணத்தைப் பாக்கத் தெம்பில்ல எனக்கு."

நான் எழுந்துகொண்டேன். அவர் என்னோடு வாசல் வரை வந்தார்.

"பேரு கேட்டதுக்கு மாதேஸ்வரின்னுச்சு. தெனம் வெளக்கு வெக்கறப்ப அவளுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கறேன். அவ புருஷன் பொழைச்சானா, உனக்கு ஏதாச்சும் தெரியுமாப்பா?"

"பொழைச்சிட்டாரும்மா."

சாந்தம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"அது போதும் சாமி. ஒரு உசுராச்சும் தங்கிச்சே."