காலிப் பெட்டிக்கு ஒரு போட்டோகிராபர்

இந்த ஊரில் குழந்தை குப்புற விழுந்தால் போட்டோ எடுக்க ஆள் உண்டு. கச்சிபௌலியில் கட்டி முடிக்காத அடுக்குமாடிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுக்கிறார்கள். நாய்க்குப் பிறந்த நாள் என்றால் வீட்டுக்கே வந்து, தொப்பி மாட்டிவிட்டு எடுக்கிறார்கள். என் கடைப் பொருளைப் படம் எடுக்க ஆள் தேடி நான்தான் நாய் படாத பாடு பட்டேன். நான் விற்பது சவப்பெட்டி.

செகந்திராபாத்தில் அப்பா ஆரம்பித்த கடை. பெட்டி செய்கிற பட்டறை உப்பல் பகுதியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கேயே இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் எங்கள் சனங்கள். வீட்டில் யாராவது இறந்துவிட்டால் முதல் போன் பாஸ்டருக்கு, இரண்டாவது போன் எங்களுக்கு. நேரில் வந்து, பலகையைத் தட்டிப் பார்த்துப் பெட்டியை எடுத்துப் போவார்கள். இப்போது பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அம்மா போய்விட்டாள் என்று தெரிந்ததும் அங்கிருந்தே போனில் பெட்டி தேடுகிறார்கள். போனில் என் கடை இல்லை. கச்சிபௌலியில் புதிதாக முளைத்த ஒரு கம்பெனிதான் இருந்தது. அவர்கள் பெட்டி செய்கிறவர்கள் இல்லை. எங்கோ ஒரு தேசத்துப் பெட்டியின் படத்தைக் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள், பிறகு என்னிடம் வாங்கி அனுப்புவார்கள். அவர்கள் காட்டுகிற படம் எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மகன் விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்து, அப்பா படுத்திருந்த பெட்டியைப் பார்த்தார். போனில் அவர் பார்த்தது பளபளவென்ற சிவப்பு மரம். இங்கே இருந்தது என் மாமரப் பெட்டி. கொண்டுவந்து இறக்கியது நானும் என் ஆட்களும் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார். "செத்த மனுசனக்கூட ஏமாத்துவீங்களா?" என்று வாசலில் அத்தனை பேர் முன்னால் கத்தினார். கம்பெனிக்காரன் ஒருத்தனும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறவரிடம் நின்று நியாயம் பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். என் பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே படம் எடுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கடையை இழுத்து மூடிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் கேட்டது எங்கள் சபையிலேயே இருக்கிற போட்டோகிராபரை. என்னைவிட வயதில் சின்னவர். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் அவர்தான். அடக்க ஆராதனைக்கும் அவர்தான். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் எடுத்த அந்தப் படங்கள் எங்கள் சனங்கள் வீட்டு ஆல்பங்களில் எல்லாம் இருக்கின்றன. இறந்தவர் முகம் இருக்கும், பூ இருக்கும், நிற்கிறவர்கள் இருப்பார்கள். பெட்டி மட்டும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

கேமராப் பையோடு கடைக்கு வந்தார். மூடி திறந்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நக்கோ அக்கா, வேணாம். வேற யாரையாச்சும் பாருங்க."

"ஏன் தம்பி? போன வாரம்கூட இதே மாதிரி பெட்டிகிட்ட நின்னு எடுத்தியே?"

"ஹவ், ஆமா, எடுத்தேன். அதுல ஆள் இருந்தாங்க. இது காலிப் பெட்டி. யாருக்குன்னே தெரியல. இத எப்படி நான் கேமராவுல பார்க்கறது? வியாழக்கிழம ஒரு கல்யாணம் வேற இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆள் கிடக்கிற பெட்டியிடம் இவருக்குப் பயமில்லையாம், காலியாக இருப்பதுதான் பயமாம்!

"இந்தக் காலிப் பெட்டிகளுக்கு நடுவுலதான் நான் சோறு திங்கேன். எம் பிள்ளைக்கு இந்தக் கடைக்குள்ளதான் தொட்டில் கட்டி ஆட்டினேன். நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?"

கேமராவை அவர் வெளியே எடுக்கவே இல்லை. ஆனாலும் படி இறங்கும்போது பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார். மாட்டேன் என்று சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஜிப்பை இழுத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் மாதாப்பூர் ஸ்டூடியோக்காரர். நகை, சோபா, ஊறுகாய் பாட்டில் என்று விற்பனைப் பொருள்களாக எடுத்துத் தள்ளுகிறவர். அந்தப் பக்கத்து சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகள் விசாரித்துச் சொன்னாள். அவருக்குப் பயம் கியம் எதுவும் இல்லை. குடை குடையாக லைட் வைத்து, நாற்காலி மேல் ஏறி, பெட்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். அப்பாடா என்று நானும் பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

படங்கள் வந்தபோது என் பெட்டி எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாமரம் ரோஸ்வுட்டாகிவிட்டது. பலகையிலிருந்த கணுக்களைக் காணோம். இரும்புக் கைப்பிடிகள் தங்கமாக மின்னின. பின்னால் ஒரு ஏரி, ஏரிக்குப் பின்னால் சூரியன் மறைகிறது. போன் செய்து கேட்டால், எல்லாரும் இப்படித்தான் மேடம் செய்கிறார்கள், போட்டோ அழகாக இருந்தால்தான் கஸ்டமர் வருவான் என்று தெலுங்கில் எனக்கே பாடம் நடத்தினார். "சோபா சரியில்லேன்னா திருப்பி அனுப்பலாம். இத மண்ணுக்குள்ள இறக்கிட்டு எங்க திருப்பி அனுப்ப?" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கத்தினேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. பக்கத்தில் நின்ற என் மகள், "பட் மம்மி, இட் லுக்ஸ் சோ ப்ரீமியம்" என்றாள். அவளுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் போடவில்லை.

கடைசியில் வந்தவள் பச்சைக் குழந்தைகளைப் படம் எடுக்கிற ஒரு பெண். மகளோடு வேலை பார்ப்பவளின் குழந்தையைக் கூடைக்குள் தூங்கவைத்து எடுத்திருந்தாள். கல்யாணக்காரரே ஓடிவிட்டார், இவளா வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். லைட் எதுவும் கொண்டு வரவில்லை. கடை ஷட்டரை முழுவதும் தூக்கச் சொல்லி, தெரு வெளிச்சம் போதும் என்றாள். பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியின் சுருக்கத்தைக் கையாலேயே நீவிவிட்டாள். சின்னத் தலையணையைத் தொட்டு, "யே பில்லோ கைக்கு ஆன்ட்டி?" என்றாள், இது எதற்கு என்று. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். நான் படம் எடுக்கிற குழந்தைகளுக்கும் அதே பிரச்சினைதான் என்று தலையாட்டிவிட்டு, குனிந்து அந்தத் தலையணையைப் படம் எடுத்தாள். அவள் படங்களில் மாமரம் மாமரமாக இருந்தது. கணு இருந்த இடத்தில் கணு இருந்தது.

கிளம்பும்போது, படத்தின் கீழே தன் பெயரைப் போட வேண்டாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தெரிந்தால் ஒரு தாயும் என்னிடம் குழந்தையைக் கொண்டு வரமாட்டாள் என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை இப்படிக் கேட்கவைத்தவர்கள் எல்லார் மேலும் வந்தது. இத்தனை நேர்த்தியான வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்ள முடியாதாம். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

படங்களைப் போட்ட பிறகு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எங்களையே கூப்பிட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குப் பெட்டி கொடுப்பதை நிறுத்தினேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. எங்கள் சபை போட்டோகிராபர்.

"அக்கா, அப்பா போயிட்டாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். அவரைப் பார்த்தால் கேட்பதற்கென்று எவ்வளவோ மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அதை எல்லாம் ஒதுக்கி வைத்தேன். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். பெட்டிகளின் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லு என்றேன்.

"படம் நக்கோ அக்கா. என்னால பார்க்க முடியாது. நீங்களே நல்லதா ஒண்ணு குடுத்துருங்க."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு யாருக்குன்னு தெரியலன்னு சொன்ன. இப்பத் தெரியும்லா? பாரு."

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டது எனக்கே உறைத்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. படங்களை அனுப்பினேன். பிறகு ஒரு படத்தை எனக்கே திருப்பி அனுப்பினார். கணுக்கள் நிறைய உள்ள மாமரப் பெட்டி. கூடவே அவர் குரல். "இதுதான்க்கா. அப்பா உயரம். கால் இடிக்காம பார்த்துக்கோங்க."

மறுநாள் எங்கள் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் சுற்றி நின்றது. எல்லாரும் நின்ற பிறகுதான் எடுக்க ஆள் இல்லை என்பது தெரிந்தது. அவர் சொல்லி வைத்திருந்த சிநேகிதன், சாயங்காலம் ஒரு ரிசப்ஷனுக்குப் போக வேண்டியிருக்கிறது, சாவு வீட்டுக்கு முதலில் வந்துவிட்டு அங்கே போவது நன்றாக இருக்காது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். வரிசையிலிருந்து வந்து, பையின் ஜிப்பைத் திறந்து கேமராவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எடுங்கக்கா. இத அமுக்கினாப் போதும்."

எனக்குக் கோபம் தீர்ந்துவிடவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தேன். பெரியவரின் முகம் உள்ளே இருந்தது, பூக்கள் இருந்தன, அழுதுகொண்டு நிற்கிற மகன் இருந்தார். பெட்டியின் கால்பக்கம் மட்டும் வெளியே கிடந்தது. கொஞ்சம் இருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பெட்டி முழுவதும் உள்ளே வரும் வரைக்கும் பின்னால் நடந்தேன்.