புளி போட்டு உரஞ்சிய பன்னம்

எண்பதுகளின் நடுவில் நான் புங்குடுதீவில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லை எனக்கு இரவல் தந்தாள். சாம்பல் நிறக் கல், அதில் கறுப்பாக ஒரு பன்னத்தின், அதாவது பூக்காத 'ஃபேர்ன்' செடியின், இலை. கோடிக்கணக்கான வருசப் பழசு. நரம்புகள் மட்டுமல்ல, விதைக்குப் பதிலான வித்திகள் இருந்த குவைகள்கூடப் புள்ளி புள்ளியாக வரிசையில் தெரிந்தன. அப்படி முழுசாகக் கிடைப்பது மிகவும் அருமை.

என் வகுப்புப் பிள்ளைகளோ எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர்கள். பூவும் விதையும் உலகத்தில் தோன்றுவதற்கு முன்பே பன்னம் இருந்தது என்றேன். "ஓம் ரீச்சர்" என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் மாற்றிச் சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருமுறையாவது கண்ணால் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். பள்ளிக்கூடக் கிணற்றுச் சுவரில் முளைத்த பன்னத்தையும் இந்தக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவோம் என்று கல்லை ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருந்தேன்.

அதற்குள் சரஸ்வதி பூசை வந்தது. ஆய்வுகூடச் சாமான்களையும் கலைமகளுக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் என் கல் பளிச்சென்று இருந்தது. இரசாயனம் படிப்பித்த அக்காதான் எல்லாவற்றையும் அடுக்கியவர்.

"அக்கா, கல்லைக் கழுவினீங்களோ?"

"பின்னை? ஊத்தையோடை வைக்க ஏலுமே? குத்துவிளக்கோடை சேர்த்துப் புளி போட்டுத் தேங்காய்ப் பொச்சாலை உரஞ்சினனான். எவ்வளவு கறுப்புக் கழண்டது தெரியுமே!"

அந்தக் கறுப்புத்தான் இலை. அது கரி. கரியைப் பற்றி ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கிற மனுசி!

எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதையும்! பூசையிலை வைச்சதை விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம்."

கல்லின் நடுவில் சந்தனப் பொட்டு வேறு. தேவாரம் முடிந்து அவலும் கடலையும் தந்தார்கள். என் பங்கைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

விஜயதசமியன்று சந்தனத்தைத் துடைத்தேன். நடுத்தண்டு மங்கலாகத் தெரிந்தது. குவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஆனாலும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கிணற்றுப் பன்னத்தின் இலையைப் பிரட்டிப் பார்த்தார்கள், பிறகு கல்லைப் பார்த்தார்கள். அந்த வருசத்திலேயே முதன்முறையாக ஒருத்தி கை உயர்த்தினாள்.

"இதிலை புள்ளியளைக் காணேல்லை, ரீச்சர்?"

"இருந்தது" என்றேன்.

"ஓம் ரீச்சர்" என்று எழுதிக்கொண்டாள்.