பினாங்கில் அண்ணனைப் பார்க்கப் போன பகல்

அண்ணன் வீட்டைவிட்டுப் போனது நைனாவோடு போட்ட சண்டையில். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது; குடியானவர்கள் கொண்டுவரும் நிலக்கடலையை எடைபோட்டு வாங்குவோம். எடைபோடுவதில் குடியானவர்களை ஏமாற்றுகிறோம் என்று அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னான். உண்மைதான், ஏமாற்றினோம். நைனா செருப்பைக் கழற்றினார். "நீ சம்பாரிக்கிறதுல ஒரு தம்பிடி இந்த வூட்டுக்கு வரக்கூடாது" என்றார். அண்ணன் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். நைனா சொன்னபடியே அண்ணன் காசு ஒன்றும் அனுப்பவில்லை. கடிதம் மட்டும் மாதம் ஒன்று வரும். நைனா அதைத் தொடமாட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். அம்மா சொல்லச் சொல்ல நான்தான் பதிலும் எழுதுவேன்.

நாலாம் வருஷம் வந்த ஒரு கடிதத்தில், 'ராத்திரி சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்' என்று இருந்தது. நான் பாட்டுக்கு மேலே படித்துக்கொண்டு போனேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடா படிச்ச? திரும்பப் படி."

படித்தேன்.

"ராத்திரி சாப்டானாமா?"

நாங்கள் சமணர்கள். மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய்வரும் குடும்பம். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டோம். அதில் அண்ணன் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பு. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, விளக்கு வைத்தபின் கஞ்சியை நீட்டினால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பான்.

"போன எடத்துல எவன் பாக்குறான்" என்று நைனா உள்ளேயிருந்து சொன்னார்.

"இது எழுதுனது என் புள்ள இல்ல" என்றாள் அம்மா.

கையெழுத்து அண்ணனுடையதுதான். 'ழ'வின் வாலை அடுத்த வரிவரைக்கும் இழுத்துவிடுவான். அது அப்படியே இருந்தது. அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த வருஷம், அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா கடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகும் வழியில் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "அவன் இருக்கானா இல்லையான்னு பாத்துட்டு எழுது. எதுவா இருந்தாலும் மறைக்காத." நான் வரும் கப்பலையும் கிழமையையும் அண்ணனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மேல்தளத்தில் ஆறு நாள் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தேன். ஏழாம் நாள் காலை பினாங்கு தெரிந்தது. தீவு நடுவில் பெரிய மலை. கீழிருந்து உச்சிவரை காடு, ஒரு பாறைகூட வெளியே தெரியவில்லை. எங்கள் செஞ்சி மலைகள் கல்லைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பவை. இப்படிப் போர்த்திக்கொண்டு கிடக்கும் மலை எனக்குப் பிடிக்கவில்லை. மாலை ஐந்துக்குள் திரும்பவேண்டும் என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டார்கள். துறையில் எனக்காக யாரும் வந்து நிற்கவில்லை.

விலாசத்தைக் காட்டி வழி கேட்டுப் போனேன். கூலிகள் தங்கும் நீளமான கட்டடம். கிட்டங்கி என்கிறார்கள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே சமையல்காரர் ஒருவர் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"இருக்காரே. லீவு போட்டுட்டு மேல ஒக்காந்திருக்காரு. தம்பி வர்றான், தம்பி வர்றான்னு நாலு நாளா எங்க உயிர வாங்குறாரு. நீதானா அது?"

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே வரிசையாகப் பலகைக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் சுருட்டிவைத்த பாய். ஐம்பது பேர் படுக்கும் இடத்தில் ஒரு சத்தமில்லை. கடைசிக் கட்டிலில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணனின் கோடுபோட்ட சட்டை. கூப்பிட்டேன். திரும்பினான்.

அண்ணன் இல்லை.

"வாடா தம்பி" என்றான். "இளைச்சுட்டியே. கப்பல்ல வாந்தியா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா?"

"நீ யாரு?"

"ஒக்காரு. கோப்பி சொல்றேன். செவல மாடு கன்னு போட்டுடுச்சா? நைனா இன்னும் மண்டிச் சாவிய இடுப்புல சொருவிக்கினுதான் தூங்குறாரா?"

எல்லாம் நான் எழுதியவை. வார்த்தை மாறாமல் அந்த முகம் தெரியாதவன் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தன. சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "என் அண்ணன் எங்கடா?"

அவன் குரல் சட்டென்று இறங்கியது. எழுந்து நின்றான்.

"செத்துட்டாருங்க. ரெண்டு வருசம் ஆவுது."

செஞ்சிக்கு அடுத்த அனந்தபுரத்துப் பக்கம் அவனுக்கு. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். அவன் அப்பன் எங்கள் மண்டியில் மூட்டை தூக்கியவனாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் செத்தான் என்பது என் மண்டையில் ஏறுவதற்கு முன்னால், இவன் என்னை 'வாடா' என்றானே என்றுதான் கொதித்தேன். அன்று அப்படிப்பட்ட நாயாகத்தான் இருந்தேன்.

கப்பலில் சரக்கு இறக்கும்போது வலை அறுந்து அண்ணன்மேல் மூட்டைகள் விழுந்திருக்கின்றன. இவனுடைய அனுமதிச் சீட்டு அப்போது காலாவதியாகிக் கிடந்தது. அண்ணனுடையது நல்ல சீட்டு. கூடியிருந்தவர்கள் சேர்ந்து செத்தவன் சட்டைப்பையில் இவன் சீட்டை வைத்து, அண்ணன் சீட்டை இவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"கவருமெண்டு கணக்குல செத்தது நான்தாங்க. அவரு இன்னும் வேலைக்குப் போய்க்கினுதான் இருக்காரு."

"கையெழுத்து?"

"எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததே அவருதான். அவரு எழுத்த உட்டா எனக்கு வேற எழுத்து தெரியாதுங்க."

"செத்த சேதிய எழுத வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் ஒக்காந்தேன். 'நலம், நலமறிய ஆவல்'னு மொத வரி எழுதுனேன். கடுதாசின்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அவரு சொல்லியிருந்தாரு. அப்படி எழுதிட்டு அடுத்த வரியில செத்துட்டாருன்னு எப்படிங்க எழுதுறது? சரின்னு முடிச்சுப் போட்டுட்டேன். பதில் வந்துச்சு. அதுவரைக்கும் எனக்குக் கடுதாசியே வந்ததில்லிங்க."

புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். உச்சி வெயிலில் நடந்தோம். எங்களில் எரிப்பதுதான் வழக்கம். புதைத்தீர்களா என்று கேட்டேன். எந்தப் பெயருக்குச் சாவு எழுதினார்களோ அந்தப் பெயருக்கான வழக்கப்படி செய்தார்கள் என்றான். கோரைப்புல் நடுவே ஒரு மண்மேடு மட்டும் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. தலைமாட்டில் ஒரு பலகை.

"படிங்க. என் பேருதான்" என்றான்.

அவன் மேட்டின் கால்பக்கம் நின்று தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில்லை. ஒரு இலை அசையவில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

துறைக்குத் திரும்பியபோது மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். "இந்த மாசத்துது. நேத்தே எழுதிட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

'தம்பி வந்தான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இளைத்துவிட்டான். என்மேல் கோபப்பட்டான், நியாயம்தான். கப்பலுக்குப் போகும்போது அழுதான். நானும் அழுதேன்.'

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. பயந்துபோனேன். கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துக் கடலில் போட்டேன்.

"இனிமே ஒரு எழுத்து எழுதுன, போலீசுல சொல்லிடுவேன்."

"சரிங்க" என்றான். கப்பலுக்குப் போகும் படகு நகர்ந்தபின் கையை வாய்க்குக் குவித்துக் கத்தினான்: "பாத்துப் போடா!"

கப்பலில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுதினேன். அண்ணன் செத்து இரண்டு வருஷமாகிறது, குழியைப் பார்த்தேன், இதுவரை எழுதிவந்தவன் வேறொருவன். பூசிமெழுகாமல் எழுதிச் சிங்கப்பூரில் தபாலில் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நைனா எழுதியிருந்தார். அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

'உன் கடிதமும் அண்ணன் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. நீ இல்லாததால் இரண்டையும் நானே உன் அம்மாவுக்குப் படித்தேன். நீ வந்ததையும் கோபப்பட்டதையும் அழுததையும் அவன் எழுதியிருக்கிறான். உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? சொத்துக்காகவா? அவனுக்கு நானே பதில் போட்டுவிட்டேன். எடை விஷயத்தில் அவன் சொன்னது சரி என்றும் எழுதினேன். நீ அவனிடம் மன்னிப்புக் கேள். உன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்.'

நான் கிழித்தது நகல். அசலை அவன் முதல் நாளே தபாலில் சேர்த்திருக்கிறான்.

யாரையாவது விட்டுக் குழியைப் படமெடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். பலகையில் இருப்பது வேறு பெயர். அரசாங்கத்தைக் கேட்டாலும் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் சொல்லும். நைனா தன் பிழையை ஒப்புக்கொண்டு ஒரு மனிதனுக்கு எழுதியது அவர் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அம்மாவுக்கு நான் வேறு என்ன எழுதினாலும் அதைப் படித்துக்காட்டப் போவதும் அவர்தான்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பினாங்கு விலாசத்துக்கு எழுதினேன். தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடு என்று இரண்டே வரி.

பதில் சீக்கிரமே வந்தது. தனக்குக் கோபமெல்லாம் இல்லை, சிங்கப்பூர் மழையில் நனையாதே, மாதம் தவறாமல் எழுது என்று அண்ணன் எழுதியிருந்தான்.